ரோட்டுக் கண்ணால் கடல் விளக்கைப் பார்க்காதீர்கள்

சேலத்திலிருந்து கப்பல் வேலைக்குக் கிளம்பும் பையன்களுக்கு முதல் தடையே வண்டி ஓட்டிய பழக்கம்தான். 22 வருஷம் சரக்குக் கப்பலில் சுக்கான் பிடித்தவன் சொல்கிறேன்.

போன மாதம் தங்கச்சி மகனை ஏற்காடு லேடீஸ் சீட்டுக்குக் கூட்டிப்போனேன். இருட்டியதும் கீழே மலைப்பாதையில் வண்டி விளக்குகள். வெள்ளை என்றால் வருகிறது, சிவப்பு என்றால் போகிறது. "கடல்ல இந்தக் கணக்கு செல்லாது மாப்பிள்ளை" என்றேன்.

கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. நேர் முன்னாலிருந்து பக்கவாட்டில் 112.5 டிகிரி வரை ஒவ்வொன்றும் தெரியும். பின்பக்கம் வெள்ளை. என்ஜினில் ஓடினால் மாஸ்ட்டிலும், அதாவது கப்பலின் உயரக் கம்பத்திலும், முன்பக்கம் நோக்கிய வெள்ளை உண்டு. கப்பலின் நீளம் 50 மீட்டரோ அதற்கு மேலோ என்றால் அப்படி இரண்டு, பின்னது உயரமாக. ஆக, ஒற்றை வெள்ளை மட்டும் தெரிந்தால் அது பெரும்பாலும் நமக்கு முதுகு காட்டிப் போகிற கப்பல். நங்கூரம் போட்டதாகவும் இருக்கலாம், சின்னப் படகாகவும் இருக்கலாம். சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் நேராக நம்மைப் பார்த்து வருகிறான்.

அப்படி நேருக்கு நேர் வந்தால் இரண்டு பேரும் வலப்பக்கம் திருப்ப வேண்டும். நம் ஊர்க் கை பதற்றத்தில் இடப்பக்கம்தான் ஒடிக்கும். நான் பயப்படுவது இதற்குத்தான்.

இரண்டு என்ஜின் கப்பல்கள் குறுக்கே வந்தால், யாருக்கு வலப்பக்கம் மற்றவன் இருக்கிறானோ அவன் விலகணும். வலப்பக்கம் இருப்பவனின் சிவப்புதான் உங்களுக்குத் தெரியும். சிக்னல் சிவப்பு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் பச்சை தெரிந்தால் திசையும் வேகமும் மாறாமல் போங்கள். அது உங்களுக்குக் கிடைத்த சலுகை இல்லை, கடமை. நீங்கள் மாற மாட்டீர்கள் என்று நம்பித்தான் அவன் விலகுகிறான். விலகாமல் வந்தால் நீங்களே தப்பிக்கணும். அப்போதும் அவன் இருக்கும் இடப்பக்கம் திருப்பாதீர்கள்.

முந்துகிறவன் ஒதுங்கணும், முந்துவது பாய்மரக் கப்பலே ஆனாலும். பச்சைக்குக் கீழே வெள்ளை என்றால் இழுவலைப் படகு. ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு சிவப்பு என்றால் கட்டுப்பாடு இழந்த கப்பல். என்ஜின் கப்பல் இந்த இரண்டுக்கும் வழிவிட வேண்டும்.

மோதுமா என்று அறிய, காம்பஸில் அந்த விளக்கின் கோணத்தைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். கோணம் மாறாமல் வெளிச்சம் மட்டும் கிட்ட வந்தால் ஆபத்து.

வீட்டு மொட்டை மாடியில் இரண்டு டார்ச்சுக்குச் சிவப்பு, பச்சைக் கண்ணாடித் தாள் சுற்றி, நான் கப்பலாக எதிரே நடந்தேன். இரண்டு தடவையும் மாப்பிள்ளை இடப்பக்கமே ஒதுங்கினான். மூன்றாவது தடவை நின்று, சிவப்பைப் பார்த்து, பச்சையைப் பார்த்து, வலப்பக்கம் கால் வைத்தான்.