ஷூமன் சிம்பொனியில் பென்சில் வைக்கும் முன்

1841 மார்ச் 31 அன்று ஜெர்மனியின் லைப்சிக் நகரில், இசையமைப்பாளர் ஷூமனின் முதல் சிம்பொனியை (முழு இசைக்குழுவுக்கான பெரிய படைப்பு) மெண்டல்ஸோன் நடத்தி அரங்கேற்றினார். அன்றைய இசைக்குழு இன்றைய பெரிய குழுக்களில் பாதியளவுதான் இருக்கும். இப்போது வயலின்கள் பெருகிவிட்டன. ஓபோ, கிளாரினெட் போன்ற காற்று வாத்தியங்கள் மட்டும் அன்று போலவே இரண்டிரண்டு. ஒத்திகையில் ஓபோ கேட்கவில்லை என்றதும் இசை நடத்துபவர் பென்சிலை எடுத்து, அதன் வரியை டிரம்பெட்டுக்கும் கொடுத்துவிடுகிறார். ஓபோவை மூடுவது எது என்று தேடுவதற்கு முன்பே வாத்தியங்களைக் கூட்டத் தொடங்குவதுதான், பழைய சிம்பொனிகளை இன்றைய குழுவுக்காகத் திருத்தும் இந்த வேலையின் மூலத் தவறு. மற்ற பல தவறுகள் இதன் பிள்ளைகள்.

ஷூமனின் நான்கு சிம்பொனிகளையும் பின்னாளில் திருத்திய இசையமைப்பாளரும் இசை நடத்துநருமான மாலரை ஓசைப் பெருக்கத்துக்குப் பெயர்போனவர் என்று நினைப்போம். ஆனால் அவர் அங்கே செய்தது பெரும்பாலும் கழித்தல். ஒரே மெட்டை நான்கு வாத்தியங்கள் சேர்ந்து ஊதும் இடத்தில் இரண்டை நிறுத்தினார். ஒலி அளவுக் குறிகளை மாற்றினார். ஷூமன் எல்லா வரிகளுக்கும் ஒரே 'உரக்க' என்ற குறியைப் போட்டுச் செல்பவர். குறுகிய குழல் கொண்ட அன்றைய டிராம்போன் என்ற பித்தளை வாத்தியத்துக்கு அது சரி. இன்றைய அகன்ற டிராம்போன் அதே குறியை அப்படியே நம்பினால் செல்லோக்கள் (தாழ்ந்த குரல் கொண்ட தந்தி வாத்தியங்கள்) காணாமல் போகும். ஒரு சுரத்தைக்கூடத் தொடாமல், குறியை ஒரு படி இறக்கினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

கழித்தலிலும் பேராசை ஆகாது. வாத்தியங்களைக் கலந்து குழைத்த அந்த மங்கலான நிறம்தான் ஷூமனின் நிறம். அத்தனை இரட்டிப்புகளையும் களைந்தால் மிஞ்சுவது துல்லியமாக இருக்கும், ஷூமனாக இருக்காது. நான்காவது சிம்பொனிக்கு அவரே இரண்டு வடிவங்கள் விட்டுச்சென்றிருக்கிறார்: 1841இல் எழுதிய மெலிந்த வடிவம், 1851இல் அடர்த்தியாக்கியது. அவருடைய நண்பரும் இசையமைப்பாளருமான பிராம்ஸுக்குப் பிடித்தது முதலாவது. ஷூமனின் மனைவி கிளாராவின் மனத்தாங்கலையும் மீறி 1891இல் அதை அச்சேற்ற வைத்தார். இந்த மெலிந்த வடிவத்தைப் புரட்டிப் பார்க்காமல் பிந்தையதை வெட்டத் தொடங்குவது சோம்பல் என்றே சொல்வேன்.

பழைய ஹார்ன் என்ற சுருள் பித்தளை வாத்தியத்தின் விஷயத்தில் தடுமாறாதவர் குறைவு. வால்வு (குழலின் நீளத்தை மாற்றும் விசை) இல்லாத ஹார்ன், குழலின் நீளம் தரும் சுரங்களை மட்டுமே தெளிவாகத் தரும். முதல் சிம்பொனியின் தொடக்க அழைப்பை ஷூமன் முதலில் எழுதியது இன்று நாம் கேட்பதற்கு ஒரு மூன்றாம் இடைவெளி (சுர வரிசையில் இரண்டு படி) கீழே. அன்றைய ஹார்னில் சில சுரங்கள் அடைத்த தொண்டையில் வந்ததால் மேலே தூக்கினார். மாலர் அதைப் பழைய இடத்துக்கே இறக்கினார். இசையமைப்பாளரின் முதல் எண்ணம் தெரிந்திருப்பதால் இங்கே திருத்தத்துக்கு நியாயம் உண்டு.

பேத்தோவனின் ஐந்தாவது சிம்பொனிக்கு அந்த நியாயம் போதுமா? முதல் பகுதியில் ஹார்ன்கள் எழுப்பும் முழக்கம், பின்னர் சி மேஜர் என்ற வேறொரு சுருதியில் திரும்பும்போது பசூன்களிடம் (தாழ்ந்த குரல் கொண்ட மரக் காற்று வாத்தியங்கள்) போகிறது. ஈ ஃப்ளாட் சுருதிக்கு அமைந்த, வால்வு இல்லாத ஹார்னில் அந்தச் சுரங்கள் சரியாக வராது என்பதே வழக்கமான விளக்கம். அதனால் பலர் ஹார்னுக்கே கொடுத்துவிடுகிறார்கள். நான் பசூனை விட்டுவைக்கும் கட்சி. கரகரத்த அந்தக் குரலுக்குக் காது பழகிய பின் ஹார்ன் ஆடம்பரமாகத் தோன்றுகிறது.

காற்று வாத்தியங்களை இரட்டிப்பதை, அதாவது ஒரே வரிக்கு இருவரை வைப்பதை, நவீனக் கலப்படம் என்று ஒதுக்குவதும் தவறுதான். 1814 பிப்ரவரி கச்சேரிக்கு முதல் வயலின் 18, இரண்டாம் வயலின் 18 என்று பேத்தோவனே குறித்து வைத்திருக்கிறார். இசைக்குழு பெரிதானால் காற்று வாத்தியங்களும் பெருகியது அக்கால வழக்கம். தனித்து ஒலிக்கும் இடங்களில் மட்டும் ஒருவரை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எழுத்தில் கைவைக்கும் முன் நாற்காலிகளை நகர்த்திப் பாருங்கள். சைக்காவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியின் இறுதிப் பகுதித் தொடக்கத்தில் மெட்டு எந்த வயலின் வரியிலும் முழுதாக இல்லை. ஒரு சுரம் முதல் வயலினில், அடுத்தது இரண்டாவதில். இதைக் கைப்பிழை என்று எண்ணி, மெட்டை முதல் வயலினுக்கே தொகுத்துக் கொடுக்கத் தோன்றும். இரண்டு அணிகளையும் மேடையின் இரு பக்கமும் எதிரெதிரே உட்காரவையுங்கள்; மெட்டு இடமும் வலமுமாக அலையும். அப்போது பென்சில் தானாகக் கீழே இறங்கும்.