பேறுகாலத் தேதிக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் புதிதாக வேலைக்கு வரும் செவிலியர்கள் எழுதும் கர்ப்பகால அட்டைகளில் வருஷா வருஷம் அதே பிழைகள்தான். கூட்டல் தப்பெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். இவை ஆகாது.

கடைசி ஸ்கேனைப் பார்த்துத் தேதியை மாற்றுவது

பேறுகாலத் தேதி என்பது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள். அதை உறுதிசெய்வது முதல் மூன்று மாத ஸ்கேன். 13 வாரம் 6 நாளுக்குள் குழந்தையின் நீளத்தை அளந்தால் ஐந்திலிருந்து ஏழு நாள்தான் முன்னேபின்னே இருக்கும். 28 வாரத்துக்குப் பிறகு அதே பிழை மூன்று வாரம்வரை போகும். அப்போது ஸ்கேன் அளப்பது குழந்தையின் பருமனை, வயதை அல்ல.

ஆனாலும் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் ஒரு புதுத் தேதி அச்சாகி வருகிறது. உடனே அட்டையில் இருந்ததை அடித்துவிட்டு அதை எழுதுகிறார்கள். எத்தனை முறை பார்த்தாலும் இது ஆத்திரமூட்டுகிறது. ஒன்பதாம் வார ஸ்கேனில் தேதி உறுதியான தாய்க்கு இப்போது 34 வாரம். ரிப்போர்ட் 31 வார அளவு என்கிறது. தேதியை மூன்று வாரம் தள்ளிப் போட்டால், வளர்ச்சி குன்றிய குழந்தை காகிதத்தில் நல்ல குழந்தையாகிவிடும். குழந்தைக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்க்கச் சொல்ல ஆள் இருக்காது. 40 வாரம் முடியும் நாளில் ‘இன்னும் 37தானே’ என்று வீட்டுக்கு அனுப்புவார்கள். குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகலாம்.

தலைகீழாகவும் நடக்கும். சர்க்கரை உள்ள தாயின் குழந்தை பெருத்திருக்கும். 35 வாரத்தை 38 என்று எழுதி ஆபரேஷனுக்கு நாள் குறித்தால், மூன்று கிலோ குழந்தை மூச்சுத் திணறலோடு தீவிர சிகிச்சைக்குப் போகும்.

முதல் ஸ்கேனில் உறுதியான தேதியைத் தொடாதீர்கள். பிந்தைய அளவை ‘வளர்ச்சி’ என்று தனியே எழுதுங்கள்.

‘நாள் தெரியாது’ என்றதும் விட்டுவிடுவது

கடைசி மாதவிலக்கு நாள் தாய்க்கு நினைவில்லையென்றால், ஊர்த் திருவிழாவை வைத்துக் கேளுங்கள்.

‘ஏம்மா, முத்துமாரியம்மன் பால்குடத்துக்குப் போனியா?’

‘இல்லக்கா, அன்னைக்குத்தான் தூரமாயிட்டேன்.’

கிடைத்துவிட்டது. அந்த வருஷக் காலண்டரை எடுத்துத் தேதி பாருங்கள்; விழா நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பிள்ளையார் நோன்பும் இப்படி உதவும்: திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள்.

மாதக் கணக்கில் எழுதுவது

வாரமும் நாளும் எழுதுங்கள். 36 வாரம் 6 நாள் என்றால் குறைமாதம்; 37 வாரம் ஆகிவிட்டால் குறைமாதம் இல்லை.

எடை குறைந்தாலே குறைமாதம் என்பது

2,500 கிராமுக்குக் கீழே இருந்தால் எடை குறைவு, அவ்வளவுதான். 39 வாரத்தில் 2,100 கிராம் இருப்பது நிறைமாதக் குழந்தை. வயிற்றில் வளர்ச்சி குன்றியிருக்கலாம். 35 வாரத்தில் 2,600 கிராம் இருப்பதுதான் குறைமாதம். பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், ஆனால் பால் உறிஞ்சுவதற்குள் களைத்துவிடும், உடம்பு சில்லிடும், மஞ்சள் காமாலை ஏறும். இதைத் தாயோடு சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

எடையை முழு எண்ணாக்குவது

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள், துணியில்லாமல், தராசில் பூஜ்யம் பார்த்து நிறுங்கள். 2,460 என்றால் 2,460. ‘இரண்டரை’ என்று எழுதினால் அந்தக் குழந்தை எடை குறைந்தவர்கள் பட்டியலிலேயே வராது. வீடு தேடிப் போய் யாரும் பார்க்கவும் மாட்டார்கள்.