‘10 குளோவர்ஃபீல்ட் லேன்’ படத்தின் முடிவை எடைபோடுவது எப்படி?

இந்தப் படத்தை இன்னும் பார்க்காதவர்கள், பார்த்து முடித்தபின் இதைப் படிப்பது நல்லது. முடிவை வெளிப்படையாகப் பேசாமல் இந்த வழிமுறையைச் சொல்ல இயலாது.

டான் டிராக்டன்பெர்க் இயக்கிய முதல் முழுநீளப் படமான இது 2016 மார்ச்சில் வெளியானது. லூசியானாவின் நாட்டுப்புறத்தில் கார் விபத்துக்கு ஆளாகும் மிஷெல், கண்விழிக்கும்போது ஒரு நிலவறையில் சுவரோடு பிணைக்கப்பட்டுக் கிடக்கிறாள். நிலவறையைக் கட்டிய ஹோவர்ட், வெளியே தாக்குதல் நடந்து காற்றே நஞ்சாகிவிட்டது என்றும், தாம்தான் அவளைக் காப்பாற்றியதாகவும் சொல்கிறார். அங்கே தஞ்சம் புகுந்த எம்மெட் என்ற இளைஞனையும் சேர்த்து, மூன்றே பேர். படத்தின் பெரும்பகுதி அந்தச் சுவர்களுக்குள்ளேயே நடக்க, இறுதிப் பகுதி மட்டும் வெளியே வந்து வேற்றுக்கிரக உயிர்களைக் காட்டுகிறது. அந்த இடத்தில்தான் பார்வையாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். நானும் என் அண்ணனும் ஒரே சோபாவில் அமர்ந்து பார்த்துவிட்டு அப்படித்தான் பிரிந்தோம்.

முதல் முறை பார்க்கும்போது முன்னோட்டத்தைத் தவிர்த்து, விளக்கை அணைத்து, இடைவேளை விடாமல் ஒரே அமர்வில் பாருங்கள். மிஷெல் கழற்றி வைத்துவிட்டுப் போகும் மோதிரமும் சாவியும் தொடக்கக் காட்சியில் வசனமின்றிக் கடந்துபோகும். அந்த இரண்டையும் மட்டும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி, இந்த வழிமுறையின் முக்கியமான படி. நிலவறையிலிருந்து தப்பி மேலே வரும் மிஷெல், வானத்தில் பறவைகள் பறப்பதைக் கண்டு, குளியலறைத் திரைச்சீலையில் தானே தைத்த பாதுகாப்பு உடையின் முகமூடியைக் கழற்றும் கணத்தில் படத்தை நிறுத்துங்கள். ஒரு தாளில் இரண்டு கேள்விகளை எழுதி, தனித்தனியே விடையளியுங்கள். ஹோவர்ட் சொன்னது உண்மையா? ஹோவர்ட் நல்லவரா? நம்மில் பலர் இவ்விரண்டையும் ஒரே கேள்வியாக எண்ணிக்கொண்டே அதுவரை பார்த்திருப்போம். அவர் பொய்யர் என்றால் கொடியவர், உண்மை பேசுபவர் என்றால் காவலர் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டிருக்கும்.

ஆனால் இரண்டுக்குமான சான்றுகளைப் படம் முன்பே கொடுத்துவிட்டது. நிலவறைக் கதவின் கண்ணாடிக்கு வெளியே, தோல் வெந்த முகத்தோடு உள்ளே விடும்படி கெஞ்சும் பெண், காற்றைப் பற்றி அவர் சொன்னது உண்மை என்று காட்டுகிறாள். காற்றுச் சுத்திகரிப்பு அறையின் கண்ணாடியில் உள்ளிருந்து கீறப்பட்ட உதவிக் குரலும், இரத்தம் படிந்த காதணியும், அவர் இதற்கு முன்பே ஒரு சிறுமியை அங்கே அடைத்திருந்தார் என்று காட்டுகின்றன. சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டில் எம்மெட் மிஷெலைச் சுட்டிக்காட்டி, இவள் யார் என்று குறிப்புக் கொடுக்கும்போது, ஹோவர்டின் வாயில் ‘சிறுமி’, ‘குட்டி இளவரசி’ போன்ற சொற்கள் வருகின்றனவே தவிர, ‘பெண்’ என்ற எளிய சொல் வருவதே இல்லை. எந்த ஆயுதமும் இல்லாத அந்தக் காட்சியை விட அச்சமூட்டும் காட்சி இப்படத்தில் இல்லை என்பேன். ஆகவே, வேற்றுக்கிரகக் கலம் தோன்றுவதால் ஹோவர்ட் நியாயப்படுத்தப்படுகிறார் என்ற வாதம் நிற்காது. உண்மையைச் சொன்ன ஒருவரே சிறைக்காவலராகவும் இருந்தார் என்பதுதான் படத்தின் நிலை.

இரண்டாம் முறை பார்க்கும்போது ஹோவர்டை விட்டுவிட்டு மிஷெலை மட்டும் பின்தொடருங்கள். ஒரு கடையில், தகப்பன் ஒருவன் தன் மகளை முரட்டுத்தனமாக நடத்தியதைப் பார்த்தும் தான் ஒன்றும் செய்யாமல் நின்றுவிட்டதை, அவள் எம்மெட்டிடம் தாழ்ந்த குரலில் சொல்கிறாள். நெருக்கடி வந்தால் விலகி ஓடுவதே தன் வழக்கம் என்பதும் அந்தப் பேச்சில் வெளிப்படுகிறது. தொடக்கத்தில் மேசையில் விடப்பட்ட மோதிரத்தை இப்போது நினைத்துப் பாருங்கள். பிறகு கடைசிக் காட்சிக்குச் செல்லுங்கள். பிழைத்தவர்கள் பேட்டன் ரூஜ் நகரின் பக்கம் வரலாம் என்றும், மருத்துவமோ போர்ப் பயிற்சியோ தெரிந்தவர்கள் ஹூஸ்டனில் தேவைப்படுகிறார்கள் என்றும் வானொலி சொல்கிறது. காரை நிறுத்தும் மிஷெல், சற்றே யோசித்துவிட்டு ஹூஸ்டன் பக்கம் திருப்புகிறாள். வெளியே ஆபத்தே இல்லை என்று படம் முடிந்திருந்தால் அவள் வீட்டுக்குப் போயிருப்பாள். அந்தக் கடையில் நின்றுபோன கால்களுக்குப் பதில் கிடைத்திருக்காது. அந்தத் திருப்பத்துக்காகவே வெளியே உண்மையான ஆபத்து ஒன்று தேவைப்பட்டது என்பது என் உறுதியான எண்ணம்.

இதை ஏற்பதற்காகக் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. சிறு சத்தத்துக்கும் நடுங்கக் கற்றுக்கொடுத்த படம், திடீரென்று பெரும் இரைச்சலுக்குத் தாவுகிறது. மதுப்புட்டியில் தீமூட்டி வீசியே அந்தப் பெரிய கலத்தை அவள் வீழ்த்திவிடுவது அவசரமாகவே படுகிறது. பெயரும் ஒரு சிக்கல்தான். ‘தி செல்லார்’ என்ற தனிக் கதையாக எழுதப்பட்ட திரைக்கதை பின்னர் 2008இல் வந்த ‘குளோவர்ஃபீல்ட்’ என்ற அரக்கன் படத்தின் பெயரோடு இணைக்கப்பட்டதால், பெயரைப் பார்த்து வந்தவர் அரக்கனுக்காகக் காத்திருப்பார், பெயர் அறியாதவர் ஏமாற்றப்பட்டதாக உணர்வார்.

எனவே, முடிவு பிடிக்கவில்லை என்று சொல்பவரிடம் வாதிடத் தொடங்குவதற்கு முன், படத்தின் மீதிருந்த நம்பிக்கை சரியாக எந்தக் காட்சியில் போனது என்று கேளுங்கள். கலம் தோன்றிய இடம் என்றால் பேச்சு கதையின் வகையைப் பற்றியது. தீப்புட்டி என்றால் காட்சியாக்கத்தைப் பற்றியது. கார் திரும்பிய இடம் என்றால் மிஷெலைப் பற்றியது. என் அண்ணன் தீப்புட்டி என்றான். மறுநாள் இரவு கடைசிப் பகுதியை மட்டும் மீண்டும் போட்டுப் பார்த்தோம். கார் திரும்பும் காட்சியில் அவன் ஒன்றும் சொல்லவில்லை. தீப்புட்டிக் காட்சியில் நானும் அவனோடு வாதிடவில்லை.