விழுந்த வேப்பமரத்துல ஒரு பெஞ்சு

போன வருஷம் கோடை மழையோட அடிச்ச காத்துல, குடியாத்தம் பக்கத்துல எங்க கொல்லையில இருந்த வேப்பமரம் வேரோட சாஞ்சிடுச்சு. நைனா தினமும் மத்தியானம் கயித்துக்கட்டில் போட்டு படுக்கிற மரம் அது, வெறகுக்கு கேட்டு ஆளுங்க வந்தாங்க, எனக்கு மனசு வரல, அடிமரத்த மட்டும் எடுத்து வச்சுக்கினு பெஞ்சு பண்ணேன். உங்க கொல்லையிலயும் மரம் விழுந்தா செஞ்சு பாருங்க. ரோட்டோர மரம், புறம்போக்கு மரம்னா கை வைக்காதீங்க, முதல்ல விஏஓ கிட்ட கேட்டுக்கோங்க.

ஆறடி பெஞ்சுன்னா ஆறரை அடியா அறுக்கணும், ரெண்டு முனையும் காயும்போது வெடிக்கும், அத கடைசியில அறுத்து தள்ளிடலாம். அறுத்த அன்னிக்கே முனையில மிச்சம் மீதி பெயிண்டோ உருக்கின மெழுகோ தடவிடுங்க, முனை வழியாத்தான் ஈரம் சீக்கிரம் போகும், அதான் வெடிப்புக்கு காரணம். பட்டைய பச்சையிலயே உரிச்சிடுங்க, விட்டா அடியில பூச்சி குடியேறிடும்.

மேல் பக்கத்த சமமாக்க ஆப்பு அடிச்சு பிளக்கலாம்னு பார்த்தேன், வேம்புக்கு அது ஆகாது. நார் ஒரு பக்கமா ஓடாது, பின்னிக்கினு இருக்கும், பிளவு கோணலா போகுது. மிஷின் ரம்பக்காரர கூப்பிடுறதுதான் சரி. அதுக்கு முன்னாடி கட்டை உருளாம ரெண்டு பக்கமும் கல்லு முட்டு குடுங்க, ரெண்டு முனையிலயும் ரசமட்டம் வச்சு கோடு போட்டு, அந்த ரெண்டு கோட்டையும் சேர்த்து சாயம் தோய்ச்ச நூல இழுத்து தட்டிடுங்க. மேல மூணுல ஒரு பங்கு போனா போதும், மழைத்தண்ணி நிக்காம பின்பக்கம் லேசா சரிவு இருக்கட்டும். அடிப்பக்கம் நடுவுல நீளத்துக்கு ரெண்டு இஞ்ச் ஆழத்துல ஒரு வெட்டு போட சொல்லுங்க, வெடிக்கிற வெடிப்பு பெரும்பாலும் அங்கயே போயிடும், உக்கார்ற இடம் தப்பிச்சுது.

அப்புறம் அவசரப்படாதீங்க. நம்மூரு வெயில்ல போட்டா பிளந்துக்கும், நெழல்ல, காத்தாட, கல்லு மேல தூக்கி வச்சு நாலஞ்சு மாசம் விட்டேன். காஞ்சப்புறம் இழைப்புளி போட்டு, சாண்ட் பேப்பர் தேச்சு, ஓரத்த நல்லா மழுக்கிடுங்க, தொடையில குத்துறது அந்த ஓரம்தான். லின்சீட் ஆயில், அதான் ஆளிவிதை எண்ணெய், ரெண்டு கோட்டு போதும். எண்ணெய் துணிய சுருட்டி மூலையில போட்டுடாதீங்க, தானா சூடேறி தீ பிடிக்கும், விரிச்சு காயப்போடுங்க.

கால் விஷயத்துலதான் நான் ஏமாந்தது. முன்னாடி ஒரு மாமரக்கட்டைய நேரா மண்ணுல வச்சேன், ஒரே மழைக்காலத்துல கரையான் புத்து ஏறி உள்ள மாவா போச்சு. வேம்பு கொஞ்சம் தாங்கும், ஆனாலும் வெளி வெள்ளைக்கட்டைய கரையான் விடாது. நம்ம பக்கம் கருங்கல்லுக்கா பஞ்சம்? ரெண்டு கல்ல மண்ணுல அரையடி புதைச்சு, முனையிலிருந்து ஒண்ணேகால் அடி உள்ள தள்ளி வச்சு, கட்டை உக்கார்ற அளவுக்கு உளியால லேசா குழி எடுத்துக்கோங்க. உக்கார்ற உயரம் தரையிலிருந்து ஒன்றரை அடி. எங்க நைனாவுக்கு முட்டி வலி, அதனால ரெண்டு இஞ்ச் ஏத்தி வச்சேன். தூக்கி வைக்க நாலு பேர் வேணும், நூறு கிலோவுக்கு மேல இருக்கும்.