வீடியோ ஸ்ட்ரீம் கண்காணிப்பில் எஸ்.என்.எம்.பி. அறிவிப்புகளை அமைப்பது எப்படி?

கண்காணிப்புக் கருவி எவ்வளவு நுணுக்கமாகப் பிழையைப் பிடித்தாலும், அந்தச் செய்தி பணியில் இருப்பவரின் கண்ணில் படாவிட்டால் பயனில்லை. சேனல் இருண்டுவிட்டது என்பதைப் பார்வையாளர் தொலைபேசியில் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலை எந்த ஒளிபரப்பு அறைக்கும் வரக்கூடாது. நெட்வொர்க் கருவிகள் தங்கள் நிலையை மைய சர்வருக்குச் சொல்லப் பயன்படும் பொது நெறிமுறை எஸ்.என்.எம்.பி. அதைக் கொண்டு பிழையை உடனே தெரிவிக்கும் ஏற்பாட்டை முதன்முறையாகச் செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மெனுக்களின் பெயர் கருவிக்குக் கருவி மாறும். செய்ய வேண்டிய வேலை மாறாது.

முதலில் இரண்டு பெயர்கள். கண்காணிப்புக் கருவிக்குள் இயங்கும் எஸ்.என்.எம்.பி. நிரல் ஏஜென்ட். எல்லாக் கருவிகளின் நிலையையும் ஓரிடத்தில் சேர்த்துக் காட்டும் மைய சர்வர் மேனேஜர். மேனேஜர் கேட்க ஏஜென்ட் பதில் சொல்வது யு.டி.பி. (போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்யாமல் பாக்கெட் அனுப்பும் முறை) 161ஆம் போர்ட்டில். பிழை நேர்ந்தவுடன் யாரும் கேட்காமலே ஏஜென்ட் அனுப்பும் செய்திக்கு ட்ராப் என்று பெயர். அது போய்ச் சேர்வது மேனேஜரின் 162ஆம் போர்ட்டில். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த 162ஐப் பற்றியதுதான்.

படி 1: பெறும் பக்கத்தை முதலில் தயார் செய்யுங்கள்

பலரும் அனுப்பும் கருவியில்தான் தொடங்குகிறார்கள். நான் எப்போதும் பெறும் பக்கத்தில் தொடங்கச் சொல்வேன். வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத இடத்துக்கு அனுப்பினால், குறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

மேனேஜர் சர்வரின் ஃபயர்வாலில் யு.டி.பி. 162ஐத் திறந்துவிடுங்கள். டி.சி.பி. 162ஐத் திறந்துவிட்டுக் காத்திருப்பது அடிக்கடி நடக்கும் தவறு. இடையில் வேறு ஃபயர்வால்கள் இருந்தால் அவற்றிலும் வழிவிட வேண்டும். பிங் போய்வருவதை வைத்து ட்ராப்பும் போய்விடும் என்று முடிவு செய்யாதீர்கள். பிங்குக்கும் இந்த போர்ட்டுக்கும் தொடர்பில்லை.

லினக்ஸில் நெட்-எஸ்.என்.எம்.பி. தொகுப்பின் ட்ராப் பெறும் நிரலைப் பயன்படுத்தினால் ஒன்றைக் கவனியுங்கள். அதன் 5.3 பதிப்பிலிருந்து, எந்த கம்யூனிட்டியை (ட்ராப்புடன் வரும், கடவுச்சொல் போன்ற சொல்) ஏற்கலாம் என்று அமைப்புக் கோப்பில் அனுமதி எழுதாதவரை வரும் ட்ராப்களை அது கையாளாது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும், பதிவேட்டில் ஒன்றும் வராது.

படி 2: பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்

எஸ்.என்.எம்.பி.யில் இன்று நடைமுறையில் இருப்பவை பெரும்பாலும் 2சி, 3 ஆகிய பதிப்புகள். 2சியில் கடவுச்சொல் போலப் பயன்படும் கம்யூனிட்டி, எந்தக் குறியாக்கமும் இல்லாமல் வெளிப்படையாகவே நெட்வொர்க்கில் போகும். எனவே கண்காணிப்புக்கென்று தனியாக ஒதுக்கிய நெட்வொர்க்கில் மட்டும் 2சியை வையுங்கள். அங்கும் ‘பப்ளிக்’ என்ற இயல்புநிலைச் சொல்லை மாற்றிவிடுங்கள்.

பொதுப் பாதையைக் கடந்து போக வேண்டியிருந்தால் 3தான். அதில் பயனர் பெயர், சரிபார்ப்புக் கடவுச்சொல், குறியாக்கக் கடவுச்சொல் மூன்றும் இரு பக்கமும் எழுத்துப் பிசகாமல் பொருந்த வேண்டும். அத்துடன் அனுப்பும் கருவியின் இன்ஜின் ஐ.டி.யையும் (அதன் ஏஜென்ட்டுக்கே உரிய அடையாள எண்) பெறும் பக்கத்தில் பதிய வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் 3ஆம் பதிப்பு ட்ராப் வராவிட்டால், முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்த இன்ஜின் ஐ.டி.தான்.

ட்ராப் போய்ச் சேர்ந்ததா என்பது அனுப்பிய கருவிக்குத் தெரியாது. வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான். உங்கள் கருவியில் ‘இன்ஃபார்ம்’ என்ற தேர்வு இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றுக்கொண்டதாக மேனேஜர் பதில் தரும். பதில் வராவிட்டால் ஏஜென்ட் மீண்டும் அனுப்பும்.

படி 3: சேருமிடத்தைப் பதிந்து சோதனை ட்ராப் அனுப்புங்கள்

கருவியின் அறிவிப்புப் பகுதியில் மேனேஜரின் ஐ.பி. முகவரி, போர்ட் 162, பதிப்பு, கம்யூனிட்டி ஆகியவற்றை உள்ளிட்டுச் சேமியுங்கள். வீடியோ வரும் நெட்வொர்க் கார்டும் நிர்வாகத்துக்கான கார்டும் தனித்தனியாக இருக்கும் கருவிகளில், ட்ராப் நிர்வாக கார்டு வழியாகப் போகிறதா என்று பாருங்கள். தவறான கார்டு வழியாகப் போனால் மேனேஜருக்கு அது அறிமுகமில்லாத முகவரியிலிருந்து வந்ததாகத் தெரியும்.

பிறகு சோதனை ட்ராப்பை அனுப்புங்கள். மேனேஜர் திரையில் ஒன்றும் வராவிட்டால், அந்த சர்வரிலேயே டிசிபிடம்ப் அல்லது வயர்ஷார்க் என்ற பாக்கெட் பார்க்கும் நிரலைக் கொண்டு 162ஆம் போர்ட்டைக் கவனியுங்கள். பாக்கெட் வந்து சேர்கிறது என்றால் குறை மேனேஜரின் அமைப்பில். வரவே இல்லை என்றால் குறை வழியிலோ அனுப்பும் கருவியிலோ இருக்கிறது.

படி 4: மிப் கோப்பை ஏற்றுங்கள்

முதலில் வரும் ட்ராப் வெறும் எண்களாகத்தான் தெரியும். 1.3.6.1.4.1 என்று தொடங்கினால் அது நிறுவனங்களுக்கு ஒதுக்கிய கிளை. அடுத்த எண் எந்த நிறுவனம் என்பதைச் சொல்லும். எந்த எண்ணுக்கு என்ன பெயர் என்ற பட்டியல்தான் மிப் கோப்பு. கருவியுடன் தரப்பட்ட அந்தக் கோப்பை மேனேஜரில் ஏற்றினால் இந்த எண்கள் பெயர்களாக மாறும். ஒரு மிப் கோப்பு வேறு மிப் கோப்புகளைச் சார்ந்திருக்கும். அவற்றையும் சேர்த்தே ஏற்றுங்கள்.

ட்ராப்பைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். 2சி ட்ராப்பில் முதலாவதாக ஏஜென்ட் எவ்வளவு நேரமாக இயங்குகிறது என்ற மதிப்பும், இரண்டாவதாக எந்த வகை ட்ராப் என்ற அடையாள எண்ணும் இருக்கும். அதற்குப் பிறகுதான் சேனல் பெயர், பிழையின் கடுமை போன்றவை. முதல் மதிப்பின் அலகு வினாடியில் நூறில் ஒரு பங்கு. 360000 என்று இருந்தால், ஏஜென்ட் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகிறது என்று பொருள். பிழை ஒரு மணி நேரமாக நீடிக்கிறது என்று படித்துவிடாதீர்கள்.

படி 5: எதற்கெல்லாம் அறிவிப்பு?

உண்மையான வேலை இங்கேதான். எல்லாப் பிழைக்கும் ட்ராப்பை இயக்கிவிட்டால், சில நாட்களில் யாரும் அலாரத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமுக்கு (படம், ஒலி ஆகியவற்றைச் சிறு பாக்கெட்டுகளாகச் சேர்த்து அனுப்பும் ஒளிபரப்பு வடிவம்) எட்ஸி என்ற ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர அமைப்பின் டி.ஆர். 101 290 ஆவணம் நல்ல வழிகாட்டி. பிழைகளை அது மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. ஒத்திசைவு இழப்பு, ஸ்ட்ரீமில் உள்ள சேனல்களைப் பட்டியலிடும் பேட் அட்டவணை 0.5 வினாடிக்குள் வராமல் போவது, தொடர் எண் பிழை ஆகியவை முதல் நிலை. தொடக்கத்தில் முதல் நிலைக்கு மட்டும் அறிவிப்பை இயக்குங்கள்.

தொடர் எண் பிழையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 188 பைட் கொண்ட ஒவ்வொரு பாக்கெட்டிலும் 0 முதல் 15 வரை சுழலும் எண் ஒன்று, ஒவ்வொரு பி.ஐ.டி.க்கும் (படம், ஒலி போன்றவற்றைப் பிரித்தறியும் அடையாள எண்) தனியாக இருக்கிறது. ஒரு யு.டி.பி. பாக்கெட்டில் பொதுவாக 7 டிரான்ஸ்போர்ட் பாக்கெட்டுகள் போகும். அப்படி ஒரு யு.டி.பி. பாக்கெட் தொலைந்தாலே எண் தாவிவிடும், பிழை பதிவாகும். ஆனால் படத்தில் நொடிப்பொழுது சிறு கட்டங்கள் தெரிந்து மறைந்ததற்கு நள்ளிரவில் ஒருவரை எழுப்ப வேண்டியதில்லை. எனவே ஒற்றைப் பிழைக்குப் பதிலாக, 10 வினாடிக்குள் 5 பிழை என்பது போன்ற வரம்பை வைத்துத் தொடங்கி, உங்கள் நெட்வொர்க்கின் இயல்பைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

கருப்புத் திரை, உறைந்த படம், ஒலியின்மை ஆகியவற்றுக்கும் காத்திருப்பு நேரம் தேவை. கதையிலேயே இருட்டும் மௌனமும் வரும். கருப்புக்கு 10 வினாடி, ஒலியின்மைக்கு 20 வினாடி என்று தொடங்கலாம்.

ஸ்ட்ரீம் முழுவதுமாக நின்றால் ஒத்திசைவு, பேட், பி.எம்.டி. (ஒரு சேனலின் படம், ஒலி எந்த பி.ஐ.டி.யில் என்று சொல்லும் அட்டவணை), பி.ஐ.டி. என்று எல்லாப் பிழைகளும் ஒன்றாகக் கொட்டும். ‘ஸ்ட்ரீம் இல்லை’ என்ற அலாரம் இருக்கும்போது மற்றவற்றை அடக்கிவைக்கும் வசதி கருவியில் இருந்தால் கட்டாயம் இயக்குங்கள்.

படி 6: பிழை நீங்கியதற்கும் ட்ராப்

பிழை தோன்றியதற்கு ஒன்று, நீங்கியதற்கு ஒன்று என ட்ராப்கள் இணையாக வர வேண்டும். நீங்கிய ட்ராப்பைச் சேனல் பெயரையும் பிழை வகையையும் கொண்டு பழைய அலாரத்துடன் பொருத்தும்படி மேனேஜரில் விதி எழுதுங்கள். இது இல்லாவிட்டால் எப்போதோ சரியான பிழையும் சிவப்பாகவே நிற்கும்.

படி 7: ஸ்ட்ரீமை நிறுத்திப் பாருங்கள்

சோதனை ட்ராப் வந்ததோடு நிறுத்தாதீர்கள். அது பாதையைத்தான் சோதிக்கிறது, வரம்புகளை அல்ல. ஒளிபரப்பில் இல்லாத ஒரு சோதனைச் சேனலின் மல்டிகாஸ்ட்டை (ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குப் போகும் நெட்வொர்க் ஸ்ட்ரீம்) நிறுத்துங்கள். அலாரம் வந்த நேரம், அதில் இருக்கும் சேனல் பெயர், எத்தனை ட்ராப்கள் வந்தன என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பவும் இயக்கி, அலாரம் தானாக நீங்குகிறதா என்று பாருங்கள். இரு பக்கக் கடிகாரங்களும் என்.டி.பி. (நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் நெறிமுறை) மூலம் ஒத்திருந்தால்தான் இந்த நேரங்களுக்குப் பொருள் இருக்கும்.

படி 8: கருவியே நின்றுவிட்டால்?

மின்சாரம் போன கருவி ட்ராப் அனுப்பாது. மேனேஜர் திரை அமைதியாக, பச்சையாக இருக்கும். இதற்காக மேனேஜரிலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை 161ஆம் போர்ட்டில் ஏஜென்ட்டின் இயங்கு நேரத்தைக் கேட்க வையுங்கள். தொடர்ந்து மூன்று முறை பதில் இல்லையென்றால் தனி அலாரம் எழட்டும். பதில் வந்து, அதில் இயங்கு நேரம் முந்தையதைவிடக் குறைந்திருந்தால், பெரும்பாலும் கருவியோ ஏஜென்ட்டோ இடையில் மறுதொடக்கம் ஆகியிருக்கும். அதையும் ஓர் எச்சரிக்கையாகப் பதிவு செய்யுங்கள்.