வார்டுக்கு ஒரு துண்டு வடிகால்: பேரூராட்சிக்குப் புதிதாக வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் காலம் முடிந்ததோடு சரி, அப்புறம் 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும் வரை தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளில் தனி அலுவலர் ஆட்சிதான். இந்த இடைவெளியில் பழையவர்கள் ஒதுங்கிவிட்டார்கள், புதிதாக ஜெயித்து வந்த கவுன்சிலர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. நான் பழைய மன்றத்தில் இருந்தவன். அவ்வப்போது தம்பிகளும் தங்கச்சிகளும் வந்து ஏதாவது கேட்பார்கள். அவர்கள் செய்வதைப் பார்த்தால் நாங்கள் அன்று செய்த கோளாறுகளையே அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். கட்சி வேறு, ஆள் வேறு, தவறு மட்டும் அதே.

கமிஷன் வாங்காதே, போன் அடித்தால் எடு, மழை நாளில் தெருவில் நில் என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது தெரியாமல் யாரும் வோட்டுக் கேட்டு வந்திருக்க முடியாது.

பூங்கா

கட்டுவதற்கு முன் சாவி யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் கட்டாதீர்கள்.

தெருவிளக்கு

கம்பத்துக்கு நம்பர் எழுதுங்கள். "பிள்ளையார் கோயில் தாண்டி மூணாவது லைட் எரியலை" என்று வருகிற புகாரில் பாதி நாள் கம்பத்தைத் தேடுவதிலேயே போய்விடும்.

பொது நிதியைப் பங்கு போடுவது

இதைத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

புதிதாக ஜெயித்த தம்பி ஒருவர் பதவியேற்ற கையோடு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, எங்க வார்டு பங்கு எப்போ வரும்?" பங்கு! ஏதோ அண்ணன் தம்பி சொத்துப் பிரிவினை மாதிரி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, மன்றத்தில் பேச்சே அப்படித்தான் நடக்கிறது. ஒரு கோடியே இருபது லட்சம் வருகிறது, பதினைந்து வார்டு, ஆளுக்கு எட்டு லட்சம், உனக்கு என்ன வேண்டுமோ எழுதிக்கொடு. யாருக்கும் மனக்குறை இல்லை, கூட்டம் கால் மணி நேரத்தில் முடிந்து டீ வந்துவிடும்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள் வோட்டுப் போட்டுத்தான் அவர் நாற்காலியில் உட்காருகிறார், அதனால் எல்லோரையும் சமமாகத் திருப்திப்படுத்தினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். கவுன்சிலர் பக்கம் பார்த்தால், அடுத்த முறை வார்டு பெண்களுக்கோ பட்டியலினத்தவருக்கோ ஒதுக்கீட்டில் போய்விட்டால் தனக்கு நிற்கவே வாய்ப்பில்லை, ஆகவே என் பெயர் போட்ட கல்வெட்டு என் தெருவில் இப்போதே வேண்டும் என்ற அவசரம். இது போதாதென்று, மத்திய அரசு தந்த 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 2021-22 முதல் 2025-26 வரை 60 சதவீதம் குடிநீர், சுகாதாரம், குப்பை மேலாண்மை என்று கட்டிப்போட்ட பணம். அதை எடுத்து நினைத்த இடத்தில் பேவர் பிளாக் போட முடியாது. மிச்சமிருக்கிற சின்னத் தொகையைத்தான் தாம்பூலப் பை கொடுப்பது போல ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கிறார்கள்.

தார் போட வேண்டும், திண்ணை கட்ட வேண்டும் என்றால்கூட இது போய்த் தொலையட்டும். வடிகாலில்தான் வினை. தண்ணீருக்கு வார்டு எல்லை தெரியாது.

எங்கள் ஊரில் நடந்தது இது. ஊரின் மேட்டுப் பக்கத்து வார்டுக்காரர் தன் எட்டு லட்சத்தில் வடிகால் கேட்டார். நியாயமான கோரிக்கைதான், அந்தத் தெருவில் ஐப்பசி முழுக்கச் சேறு. அவருக்குக் கீழே இருக்கிற வார்டுக்காரர் தன் பங்கில் கோயில் முன்னால் பேவர் பிளாக் கேட்டார். அதற்கும் கீழே, வாய்க்காலை ஒட்டிய வார்டுக்காரர் பயணியர் நிழற்குடை கேட்டார். மூன்றுக்கும் தீர்மானம், மூன்றுக்கும் டெண்டர், மூன்றுக்கும் ரிப்பன். மேட்டுத் தெரு வடிகால் நன்றாகவே கட்டப்பட்டது, கான்கிரீட்டில் குறை சொல்ல முடியாது. வார்டு எல்லை வந்ததும் ஒரு வீட்டுக் காம்பவுண்டுச் சுவருக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டது.

முதல் மழைக்கு மேட்டுத் தெருக்காரர்கள் கவுன்சிலருக்கு மாலை போட்டார்கள். கீழே அந்தச் சுவர் வீட்டு அம்மா முட்டியளவு தண்ணீரில் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். முன்பு மழைத் தண்ணீர் தெரு முழுக்கப் பரவி, மண்ணில் ஊறி, மெதுவாக இறங்கும். இப்போது வடிகால் அத்தனையையும் சேர்த்துக்கொண்டு வந்து ஒரே வாசலில் கொட்டுகிறது. பணம் செலவழித்து வெள்ளத்தை ஒரு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று பொருள். அவசரத்துக்கு ஜேசிபி வைத்துப் பக்கத்துக் காலி மனையில் வெட்டிவிட்டார்கள், மனைக்காரர் கோர்ட்டுக்குப் போனார்.

அடுத்த ஆண்டு கீழ் வார்டிலும் வடிகால் என்று முடிவானது. போன வருஷம் போட்ட பேவர் பிளாக்கைப் பெயர்த்தார்கள். ஒப்பந்ததாரர் வேறு, மதிப்பீடு வேறு, பழைய துண்டின் அடிமட்டம் எங்கே முடிந்தது என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. கட்டி முடித்தபின் நான் அந்த இணைப்பில் போய் நின்று பார்த்தேன். புதுத் துண்டின் தரை பழையதைவிட ஒரு சாண் மேலே இருந்தது. சாணுக்குக் கீழே கறுப்புத் தண்ணீர், அதில் ஷாம்பு பாக்கெட், தேங்காய் மட்டை, ஒரு ஒற்றைச் செருப்பு. தண்ணீர் சாணைத் தாண்டினால்தான் நகரும், தாண்டாத நாளெல்லாம் தேங்கிக் கிடக்கும். ராத்திரியில் கடிக்கிற க்யூலெக்ஸ் கொசுவுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. யானைக்கால் நோயைப் பரப்புவது அதுதான். (டெங்குக் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, வீட்டுக்குள் நல்ல தண்ணீர் தேங்குகிற குடத்தையும் டயரையும்தான் தேடும். சாக்கடைமேல் புகை அடித்து டெங்குவை ஒழித்துவிட்டதாகப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.)

சரி, எப்படிச் செய்திருக்க வேண்டும்? வடிகாலைக் கீழே இருந்து கட்டிக்கொண்டு வர வேண்டும். தண்ணீர் கடைசியில் எங்கே போய் விழும், அந்த வாய்க்காலோ கண்மாயோ யார் வசம் இருக்கிறது, நீர்வளத் துறையிடம் அனுமதி வாங்க வேண்டுமா, வீட்டுக் கழிவுநீரை வடிகட்டாமல் நேராகக் கண்மாயில் விடப் போகிறோமா, இதெல்லாம் முதல் கேள்வி. எந்தத் தெரு என்பது கடைசிக் கேள்வி. ஊர் முழுவதற்கும் ஒரு மட்டப்படம் எடுக்கச் சொல்லுங்கள். பொறியாளர் "ஆகட்டும் சார்" என்று இழுத்தடித்தால், கொத்தனார் வைத்திருக்கிற டியூப் லெவல் போதும், இரண்டு ஆள், தண்ணீர் நிரப்பிய, உள்ளே இருப்பது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் குழாய், ஒரு காலைப் பொழுது. எது மேடு எது பள்ளம் என்று நாமே பார்த்துவிடலாம். டெண்டர் விடும்போது பழைய துண்டின் அடிமட்டத்தை அளந்து மதிப்பீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் அரசியல். மேட்டு வார்டுக்காரர் மூன்று வருஷம் காத்திருக்க ஏன் சம்மதிப்பார்? வாய்ப்பேச்சை நம்பிச் சம்மதிக்க மாட்டார். முதல் கூட்டத்திலேயே ஐந்தாண்டுக்கும் சேர்த்து எந்த ஆண்டு எந்த வார்டுக்கு எந்த வேலை என்று வரிசை போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினால் அவர் தன் தெருக்காரர்களிடம் காகிதத்தைக் காட்ட முடியும். பக்கத்து ஊர் ஒன்றில் இப்படிச் செய்தார்கள். சண்டை வராமல் இல்லை, வந்தது, ஆனால் சண்டை வரிசையைப் பற்றி வந்தது. அந்தச் சண்டையைப் போடலாம்.

இன்னொன்று. மேலே மூடுகிற பலகைகளைத் தூக்க வழி வையுங்கள். ஒரே வார்ப்பாக மூடிவிட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், கார் நிறுத்தலாம், கோலம்கூடப் போடலாம். மண் தூர்ந்த பிறகு கடப்பாரையால் உடைக்க வேண்டும், இல்லாவிட்டால் யாரையாவது உள்ளே இறங்கச் சொல்ல வேண்டும். மனிதக் கழிவை ஆளை வைத்து அள்ளவைப்பதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, எத்தனை வீட்டுக் கக்கூஸ் குழாய் அந்த வடிகாலுக்குள் திருட்டுத்தனமாகத் திருப்பிவிடப்பட்டிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். யாரையும் இறக்காதீர்கள்.

ரோடு மேல் ரோடு

பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியாகிவிட்டது. "சுரண்டுவதற்கு எஸ்டிமேட்டில் பணம் இல்லை" என்றால், எஸ்டிமேட்டைத் திருப்பி அனுப்புங்கள். நாளைக்கு வாசற்படிக்குக் கீழே போகப் போவது உங்கள் வோட்டர் வீடு.

குடிநீர்

"தொட்டியில் குளோரின் போட்டாச்சு" என்ற பதிலோடு திரும்பி வந்துவிடுவது. தொட்டியில் போட்டது குழாயில் வர வேண்டுமே. இந்தியத் தர அளவின்படி கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும். ப்ளீச்சிங் பவுடர் மூட்டை திறந்து வைத்து நாளானால் வீரியம் போய்விடும், அதை எத்தனை கிலோ கொட்டினாலும் சுண்ணாம்புதான் மிஞ்சும். பேரூராட்சி ஆபீசில் குளோரின் பார்க்கிற சின்னப் பெட்டி இருக்கும், கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஊர்க் கோடியில் இருக்கிற தெருக்குழாயில் ஒரு சிறு குழல் தண்ணீர் பிடியுங்கள், மருந்து சில சொட்டு விடுங்கள், மஞ்சள் நிறம் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் அதை அப்படியே ஆபரேட்டரிடமும் பொறியாளரிடமும் காட்டுங்கள்.

வால்வு திறக்கிற ஆளுக்கு நேரடியாகப் போன் போட்டு "எங்க தெருவுக்கு அரை மணி கூட விடுப்பா" என்று சொல்லாதீர்கள். அந்த அரை மணி நேரம் வேறொரு தெருவிலிருந்து எடுத்ததுதான்.

தூய்மைப் பணியாளர்களை வேலை ஏவுவது

மாமியார் திதிக்குக் கொல்லைப்புறம் சுத்தம் செய்ய பேரூராட்சிச் சம்பளத்தில் ஆள் அனுப்புகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. வேலையைப் பிரித்துக்கொடுப்பது மேற்பார்வையாளர், அவருக்கு மேலே செயல் அலுவலர். கவுன்சிலர் நடுவில் புகுந்தால் வேலை செய்கிற அம்மாவுக்கு இரண்டு முதலாளி, இரண்டு திட்டு. கையுறையும் மழைக்கோட்டும் வந்ததா, சம்பளம் தேதிக்கு ஏறியதா என்று கேளுங்கள், அது உங்கள் வேலை. ஒப்பந்தப் பணியாளர்களிடம் பி.எஃப். பிடித்த சீட்டைப் பார்க்கக் கேட்டீர்களானால் இன்னும் நல்லது.

கவுன்சிலரின் கணவர்

கூட்டத்துக்கு வர வேண்டாம்.

வரி

"கட்டாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்வதைப் போன்ற முட்டாள்தனம் கிடையாது. 2022-ல் சொத்து வரி ஏறியபோது இதைச் சொன்னவர்கள் பலர். பார்த்துக்கொள்ள உங்களால் முடியாது, நிலுவை ஏறும், அப்புறம் ஒரு நாள் ஜப்தி நோட்டீஸ் வரும்போது கட்டாமல் விட்டவர் தேடுவது உங்கள் வீட்டைத்தான். அதற்குப் பதில் பிரயோஜனமான ஒன்றைச் சொல்லலாம்: அரையாண்டு தொடங்குகிற முதல் மாதத்திலேயே, அதாவது ஏப்ரலிலோ அக்டோபரிலோ கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். தெருத்தெருவாக இதைச் சொல்கிற கவுன்சிலரை நான் இன்னும் பார்க்கவில்லை.

சொத்து வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். அது உங்கள் ஊர் மக்கள் கட்டுகிற பணம். கிளை நூலகத்தில் விசிறி ஓடவில்லை என்றால் அது எங்கள் துறை இல்லை என்று கைகழுவாமல் மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதலாம்.

பகுதி சபை

வார்டு மக்கள் கூடிக் குறை சொல்கிற கூட்டம் இது. நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று நாற்காலி போட்டு, கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்து முடிப்பது. மக்கள் சொன்னதை யாராவது எழுதினீர்களா?

கூட்டம்

அஜெண்டாவைக் கூட்டத்தில் உட்கார்ந்து பிரிப்பது. முந்தின நாளே படித்துவிட்டு, செலவு இனங்களைத் தனியாக வட்டம் போட்டுக்கொண்டு வாருங்கள். சம்மதமில்லாத பொருள் வந்தால் வெளிநடப்புச் செய்து வாசலில் மைக்கில் பேசுவது செய்தித்தாளுக்கு உதவும். உள்ளேயே எழுந்து "என் ஆட்சேபணையைப் பதிவு செய்யுங்கள்" என்று சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் அது எழுதப்படும் வரை நில்லுங்கள். எழுதிய பக்கத்துக்கு நகல் கேட்டு மனுக் கொடுங்கள், மனுவுக்கு முத்திரையோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.