கணக்கு முடங்கினால் யாரிடம் கேட்பது? இராமநாதபுரம் கடற்கரையினருக்கு ஒரு வழிகாட்டி

பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் கருவாடும் நண்டும் விற்கும் பெண்கள் சிலருக்கு இன்று வாட்ஸ்அப் கணக்குதான் கடை. மூக்கையூர் முதல் தொண்டி வரை கடலுக்குப் போகும் இளைஞர்கள் சிலருக்கு யூடியூப் சேனல் இன்னொரு வருமானம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது அந்த வருமானத்தின் அருமை தெரியும். அப்படிப்பட்ட கணக்கோ காணொளியோ திடீரென்று திறக்காமல் போனால், மனு எழுதுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: தடுத்தது நிறுவனமா, அரசா? இரண்டுக்கும் வழி வேறு வேறு. ஒருவரிடம் கேட்க வேண்டியதை மற்றவரிடம் கேட்டுக்கொண்டிருந்தால் நாள்தான் கடக்கும்.

முதலில் திரையில் வரும் வாசகத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். நிறுவனம் தன் விதியின்படி நீக்கியிருந்தால் ‘சமூக விதிமுறை மீறல்’ என்ற பொருளில் வாசகம் இருக்கும். அரசு உத்தரவின்படி தடுக்கப்பட்டிருந்தால், அரசு உத்தரவினால் இந்த நாட்டில் கிடைக்காது என்ற வகையில் யூடியூப் குறிப்பிடுவது வழக்கம். வாசகம் தெளிவாக இல்லையென்றால், வெளிநாட்டில் உள்ள உறவினரிடம் அதே இணைப்பைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து வீடுகளுக்கு இது சிரமமான காரியமன்று. அங்கே திறந்து, இங்கே திறக்கவில்லை என்றால், இந்தியாவுக்கு மட்டும் தடை இருக்கிறது என்று பொருள். பதிப்புரிமைப் (காப்பிரைட்) புகார் இல்லாத பட்சத்தில் அரசு அல்லது நீதிமன்ற உத்தரவு பின்னால் இருக்க வாய்ப்பு அதிகம்.

தடுத்தது நிறுவனம் என்றால், செயலிக்குள் இருக்கும் மேல்முறையீட்டுப் பொத்தானை அழுத்துவதோடு நின்றுவிடாதீர்கள். 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் பதிவுசெய்த பயனர்கள் உள்ள சமூக ஊடக நிறுவனம் ஒவ்வொன்றும் இந்தியாவில் வசிக்கும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும், இந்தியாவில் உள்ள ஒரு முகவரியையும் வெளியிட வேண்டும். அவருக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் அனுப்புங்கள். மின்னஞ்சலோடு பதிவுத் தபாலிலும் ஒரு நகல் போவது நல்லது.

புகாரில் வேண்டுகோளைக் குறைத்து, கேள்வியைக் கூட்டுங்கள். எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்: “கருவாடு விற்பனைக்காக நான் பயன்படுத்தி வரும் இந்த எண்ணின் கணக்கு இன்ன தேதியில், இன்ன நேரத்தில் முடக்கப்பட்டது. நான் அனுப்பிய எந்தச் செய்தி, உங்களுடைய எந்த விதியை மீறியது என்பதைத் தெரிவிக்கவும். முடிவை எடுத்தது இயந்திரமா, மனிதரா என்பதையும் தெரிவிக்கவும். கணக்கை மீட்டுத் தரவும்.” உயிர் நண்டின் படத்தை விலங்கு விற்பனை என்று இயந்திரம் தவறாகக் கொள்ளக்கூடும், ஒரே விலைப்பட்டியலைப் பலருக்கும் அனுப்புவதை மொத்தமாகப் பரப்பும் தொல்லைச் செய்தி (ஸ்பேம்) என்றும் கொள்ளக்கூடும். உங்கள் தொழில் என்னவென்று ஒரு வரியில் விளக்குவது அதனால்தான் அவசியம். காணொளி நீக்கப்பட்டிருந்தால், நிறுவனம் தானாக நீக்கும்போது காரணத்தோடு முன்னறிவிப்பும் மறுப்பதற்கு வாய்ப்பும் தர வேண்டும் என்ற 4(8) விதியைச் சுட்டிக்காட்டுங்கள்.

புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் அவர்கள் உறுதிசெய்ய வேண்டும். தீர்வுக்கு 2021-இல் முதலில் வகுத்த அவகாசம் 15 நாள். பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவின் இணையதளத்தில் முறையிடலாம். 2023 முதல் செயல்படும் இந்தக் குழுவிடம், குறைதீர் அலுவலரின் பதில் கிடைத்த 30 நாட்களுக்குள் போக வேண்டும். ஆகவே பதில் வந்த தேதியைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

தன் விதியைத் தானே எழுதி, தானே காவல் காத்து, தானே தீர்ப்பும் சொல்லும் அதிகாரம் எந்த வணிக நிறுவனத்திடமும் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்த வகையில் இந்தக் குழு தேவையானதே. ஆனால் அதன் உறுப்பினர்களை நியமிப்பது மத்திய அரசு என்பதால், அரசைக் குறைகூறும் காணொளி பற்றிய வழக்கில் அதை மட்டுமே நம்பியிருக்க முடியாது.

தடுத்தது அரசு என்றால், நிறுவனத்திடம் மன்றாடிப் பெரிய பயன் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அயல்நாட்டு நட்புறவு முதலிய காரணங்களுக்காகத் தடை விதிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகள் ஒரே அறிவிப்பில் தடைசெய்யப்பட்டது இந்தப் பிரிவின்கீழ்தான். இலங்கைக் கடற்படையின் கைதுகளைப் பற்றிப் பேசும் நம் கரையோரக் காணொளிகளுக்கு அயல்நாட்டு நட்புறவு என்ற காரணம் எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதைப் படம் எடுப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும். உத்தரவுகளை இரகசியமாக வைக்க 2009-ஆம் ஆண்டு விதிகள் சொல்வதால் காரணம் உங்கள் கைக்கு வராமலே போகலாம்; இது அநியாயம் என்றே நான் கருதுகிறேன். எனினும் 2015-இல் 69ஏ பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், காரணங்கள் எழுத்தில் பதிவாக வேண்டும் என்பதையும், அரசின் உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவில் அவற்றை எதிர்க்க முடியும் என்பதையும் எடுத்துக்காட்டியிருக்கிறது.

நம் மாவட்டத்துக்குரிய உயர் நீதிமன்றம் மதுரைக் கிளை. வழக்கறிஞர் கட்டணத்துக்கு வழியில்லையென்றால், இராமநாதபுரத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. போகும்போது ஸ்கிரீன்ஷாட், புகாரின் நகல், தபால் ரசீது, வெளிநாட்டு உறவினர் அனுப்பிய படம் ஆகியவற்றைத் தேதி வரிசைப்படி அடுக்கி எடுத்துச் செல்லுங்கள்.